அத்தைக்கென்று வைத்த பெட்ரோல்

மார்ச் 2, திங்கள்

குட்டியின் அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். இஸ்திரிப் பிரிவுக்காரர் ஸ்கூட்டரை உருட்டாத குறையாக ஓட்டினார். வேகமாகப் போனால் பெட்ரோல் அதிகம் குடிக்குமாம். சைக்கிளில் போன ஒருவர் எங்களைத் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

நான் சொன்னபடிதான் இனி. தினமும் வந்து போவது நடக்காத காரியம். ஊருக்கு வெளியே மலிவாகக் கிடைக்கிறதே என்று வீட்டை வாங்கியபோது பெட்ரோல் விலை நம் கணக்கிலேயே இல்லை. சலவை ஆலை முதலாளியிடம் கேட்டு இங்கேயே மேல்மாடிக் கூடத்தில் ஒரு கட்டில் வாங்கிக்கொண்டேன். எட்டுப் பேர் படுக்கிறோம். கீழே ஆஸ்பத்திரி விரிப்புகள் உலரும் சூடு தரை வழியாக ஏறி வருகிறது. சட்டையைத் துவைத்துக் கட்டில் கம்பியில் போட்டால் திரும்பிப் படுப்பதற்குள் காய்ந்துவிடுகிறது. அது ஒன்றுதான் வசதி.

போனில் பேசலாமே என்பாய். நான் வேலை பார்க்கும் பாய்லர் பக்கத்தில் ஒன்றும் கேட்காது. கூடத்தில் பேசினால், ‘சாப்பிட்டியா’ என்று நான் உன்னைக் கேட்பதற்கு மற்ற ஏழு கட்டிலிலிருந்தும் பதில் வருகிறது. அங்கேயோ போனை முதலில் எடுப்பது அம்மா. அவரிடம் பேசி முடிப்பதற்குள் உன்னிடம் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். ஆஸ்பத்திரித் துணி ஏற்றப் போகும் நம் லாரி செவ்வாயும் வெள்ளியும் உங்கள் முக்குக் கடையைத் தாண்டித்தான் போகிறது. கடையை மூடிவிட்டாலும் அதன் தபால் பெட்டி இன்னும் தொங்குகிறதாம். டிரைவர் மொட்டையண்ணன் என் கடிதத்தை அதில் போட்டுவிட்டு, நீ போட்டதை எடுத்து வருவார்.

நம் காரை உன்னிடம் விட்டு வந்ததற்கு ஒரே காரணம் அம்மாவின் நெஞ்சு வலி. டாங்கில் இருப்பது ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போய்த் திரும்பத்தான் வரும். ஆம்புலன்ஸை நம்பாதே, அவர்களுக்கும் அளந்துதான் ஊற்றுகிறார்கள். வண்டியை வேறு எதற்கும் எடுக்காதே.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வருவேன். குட்டியிடம் சொல்.

குட்டியின் அப்பா


மார்ச் 5, வியாழன்

குட்டியின் அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் கையெழுத்தைப் பார்த்து எத்தனை வருஷம். கல்யாணத்துக்கு முன்னால் எழுதியபோது ‘ற’ இன்னும் கொஞ்சம் அழகாக இருக்கும்.

இங்கே தெருவே வேறு மாதிரி ஆகிவிட்டது. வாசலுக்கு வாசல் வண்டிகள் உறை போர்த்திக்கொண்டு நிற்கின்றன. ஆண்களுக்கு எங்கும் போக வழியில்லை. சுவரில் சாய்ந்து நின்று, யாரோ எங்கோ விலை இறங்கும் என்று சொன்னதாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பெண்களுக்கு வேலை இரட்டிப்பு. நாள் முழுக்க வீட்டில் இருக்கும் மனிதர்களுக்கு எத்தனை தடவை டீ வேண்டியிருக்கிறது என்று எதிர்வீட்டு அக்கா தலையில் அடித்துக்கொள்கிறார். பிள்ளைகளுக்கு மட்டும் கொண்டாட்டம். நடுரோட்டில் கட்டம் போட்டு விளையாடுகிறார்கள், துரத்த ஒரு ஹாரன் கிடையாது.

முக்குக் கடைக்குச் சரக்கு வரும் வண்டி நின்றுபோனதால்தான் மூடிவிட்டார்கள். இப்போது எதற்கும் மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். தூக்கி வருவதற்குள் தோள் இற்றுப்போகிறது.

அத்தை சரியாக மாத்திரை சாப்பிடுகிறார். தினமும் காலையில் போய் வண்டிக்குள் எட்டிப் பார்க்கிறார். பெட்ரோல் முள் எங்கே நிற்கிறது என்று கேட்கிறார். சாவியைப் போட்டுக் காட்டினால்தான் நிம்மதி. “எம் புள்ள எனக்குன்னு வெச்சிட்டுப் போயிருக்கான்” என்று சொல்லாத ஆளில்லை.

எனக்கு ஒன்று தோன்றியது. உங்கள் விடுப்பை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வெள்ளிக்கு மாற்றிக்கொள்ளக்கூடாதா? லாரியிலேயே காலையில் வந்து இறங்கலாம். சாயந்திரம் அது திரும்பும்போது ஏறிக்கொள்ளலாம். வாரா வாரம் வரலாம், பெட்ரோல் பேச்சே இல்லை. குட்டி, “அப்பா எப்போ?” என்று கேட்பதில்லை. “இது அப்பா வர்ற வாரமா, வராத வாரமா?” என்று கேட்கிறாள். அது எனக்கு என்னவோ போல இருக்கிறது.

நான்


மார்ச் 16, திங்கள்

குட்டியின் அம்மாவுக்கு,

நேற்று வர முடியவில்லை. இஸ்திரிப் பிரிவுக்காரர் ஸ்கூட்டரை விற்றுவிட்டார். வேறு யாரும் அந்தப் பக்கம் வருவதில்லை.

வெள்ளிக்கிழமை யோசனை நல்லதுதான். ஆனால் வெள்ளிதோறும் பாய்லர் சோதனை இருக்கிறது, நான் இல்லாமல் நடக்காது. பார்க்கலாம்.

மூலை வீட்டுக்காரன் காரை விற்றுவிட்டு ஸ்கூட்டர் வாங்கியிருப்பதாகவும், பாட்டில் பாட்டிலாகப் பெட்ரோல் பிடித்து வீட்டில் பதுக்குவதாகவும் மொட்டையண்ணன் சொன்னார். சாக்கடைத் தண்ணீரை நம் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டு, கேட்டதற்கு என் சட்டையைப் பிடித்தவன் அவன். நாளைக்கு வண்டி வேண்டும் என்று உன்னிடம் வந்து நிற்பான். சாவியைக் கண்ணில் காட்டாதே. உனக்கு இரக்கம் சீக்கிரம் வந்துவிடும், அதனால் சொல்கிறேன்.

குட்டிக்குப் பென்சில்கள் வைத்திருக்கிறேன்.

குட்டியின் அப்பா


ஏப்ரல் 22, புதன்

குட்டியின் அப்பாவுக்கு,

இதைப் போனில் சொன்னால் நீங்கள் கத்துவீர்கள், நானும் கத்துவேன். பக்கத்தில் அத்தை இருக்கிறார். அதனால் எழுதுகிறேன். முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

நேற்று வண்டியை எடுத்தேன். அத்தைக்காக இல்லை. மூலை வீட்டுக்காக.

பத்து மணி வாக்கில் மூலை வீட்டுக்காரி சின்னதைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் ஓடி வந்தாள். அந்தக் குழந்தைக்கு இன்னும் பேச்சே சரியாக வரவில்லை. குடிக்கிற தண்ணீர் பாட்டிலில்தான் அவள் வீட்டுக்காரர் பெட்ரோலைப் பிடித்து அலமாரிக்குக் கீழே வரிசையாக அடுக்கியிருந்திருக்கிறார். குழந்தை தண்ணீர் என்று நினைத்து எடுத்துக் குடித்துவிட்டது. இருமி இருமி உதடு நீலம் பாரித்துவிட்டது. பக்கத்தில் போனாலே வாயிலிருந்து பெட்ரோல் வாடை. அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேலை தேடிப் போயிருந்தார். ஆம்புலன்ஸுக்குச் சொன்னால், “வண்டி வெளிய போயிருக்கு, வந்ததும் அனுப்பறோம்” என்றார்கள்.

நான் சாவியை எடுக்க உள்ளே வந்தேன். அத்தை வாசற்படியில் கையை நீட்டி மறித்துக்கொண்டு நின்றார்.

“அது எனக்குன்னு வெச்சது.”

“அத்தை, குழந்தை போயிடும்.”

“எனக்கு வந்தா யாரு தூக்கிட்டுப் போவா? அவ புருஷனா? எம் புள்ள சட்டையைப் பிடிச்சவனா?”

அவர் கையை விலக்கிவிட்டுத்தான் போனேன். தள்ளவில்லை, விலக்கினேன். ஆனால் அதை அவர் எப்படிச் சொல்வார் என்று எனக்குத் தெரியும், அதனால் நானே முதலில் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் சொல்லிக் கொடுத்த மாதிரிதான் ஓட்டினேன். ரோடு காலியாக இருந்ததால் பயமில்லை. குழந்தை பிழைத்துவிட்டது. நெஞ்சுக்குள் போயிருக்கிறதாம், சில நாள் அங்கேயே இருக்க வேண்டும் என்றார்கள். திரும்பும்போது பங்க்கில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நாலு வண்டி இருக்கும்போதே ‘இருப்பு இல்லை’ என்று பலகையைத் தொங்கவிட்டார்கள். வீடு வந்து சேர்ந்தபோது முள் அடியில் படுத்துவிட்டது.

பாட்டில்களில் மிச்சம் இருந்ததையாவது நம் வண்டியில் ஊற்றச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். நான் வருவதற்குள் மூலை வீட்டுக்காரர் வீடு திரும்பி, விஷயம் கேட்டு, எல்லாப் பாட்டிலையும் எடுத்து வந்து சாக்கடையில் கொட்டிவிட்டார். கொட்டிவிட்டு அங்கேயே சாக்கடை ஓரமாக உட்கார்ந்திருந்தார். தெருவே நாறியது. யாரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை.

அத்தை நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு நான் நகர்ந்த பிறகுதான் எடுக்கிறார். உங்களால் எப்படியாவது கொஞ்சம் பெட்ரோல் வாங்கி மொட்டையண்ணனிடம் கொடுத்துவிட முடியுமா? அது வரும்வரை எனக்குத் தூக்கம் வராது.

இதை எழுதி முடித்ததும் பெட்டியில் போட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமை உங்கள் கைக்கு வரும்.

நான்


ஏப்ரல் 27, திங்கள்

அம்மாவை எடுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை இங்கே திரும்பினேன். உன் கடிதம் என் கட்டில்மேல் கிடந்தது.

வீட்டில் இருந்த நாட்களில் யாரும் என்னிடம் ஒழுங்காக ஒன்றும் சொல்லவில்லை. பெட்ரோல் தீர்ந்துபோனது என்று மட்டும் சொன்னார்கள். எப்படித் தீர்ந்தது என்று உன் கையெழுத்தில்தான் படிக்க வேண்டியிருந்தது. மூலை வீட்டுக்காரன் வந்து அம்மாவின் தலைமாட்டில் நின்று அழுதபோது நான் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். தெரிந்திருந்தால் கொடுத்திருக்க மாட்டேன்.

நான் உன்னிடம் ஒரே ஒரு காரியம்தான் சொன்னேன்.

அடுத்தவன் குழந்தை பிழைத்தது. என் அம்மா பிழைக்கவில்லை. இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.


ஏப்ரல் 30, வியாழன்

குட்டியின் அப்பாவுக்கு,

உங்களுக்கு எழுத ஒன்றுமில்லை. எனக்கு இருக்கிறது.

வீட்டில் இருந்த நாட்களில் நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை. என்ன நடந்தது என்று என்னைக் கேட்கவுமில்லை. நீங்கள் கேட்காவிட்டாலும் நான் சொல்ல வேண்டும்.

போன வியாழக்கிழமை மதியம் அத்தை கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தார். குட்டியின் சட்டையைக் கையில் பிடித்தபடியே கீழே உட்கார்ந்தார். வியர்த்துக் கொட்டியது. முதலில் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், அதே பதில். அடுத்து உங்களுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. உங்கள் ஆபீசுக்குப் போட்டேன். ஒரு பெண் எடுத்து, “பாய்லர் ரூம்ல இருப்பாரு, சொல்லிடறேன்” என்றாள். எப்போது சொன்னாளோ.

வண்டியைக் கிளப்பினேன். கிளம்பியது. மூடின கடை வரை போனது, இரண்டு தடவை குலுக்கியது, நின்றுவிட்டது.

முதலில் ஓடி வந்து பின்னால் கை வைத்தது மூலை வீட்டுக்காரர்தான். அப்புறம் எதிர்வீட்டு அக்காவும் அவர் பிள்ளைகளும். அப்புறம் சுவரில் சாய்ந்து நிற்கும் அத்தனை பேரும். நான் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தேன். பின்சீட்டில் அத்தையின் தலையைக் குட்டி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். ஆமாம், குட்டிதான். வேறு யாருக்கும் இடமில்லை, எல்லோரும் தள்ளிக்கொண்டிருந்தார்கள். மெயின் ரோடு மேடு என்று உங்களுக்குத் தெரியும். வண்டியில் உட்கார்ந்து போனால் அது மேடு என்றே தெரியாது.

அத்தை இரண்டு நாளாகப் பேசாமல் இருந்தவர், அப்போது பேசினார்.

“அவன் வர்றானா?”

“வந்துட்டே இருக்கார், அத்தை.”

“எதுல வர்றான்?”

‘லாரியில’ என்று குட்டி சொன்னாள். அத்தை தலையாட்டினார். அதற்குப் பிறகு பேசவில்லை.

மெயின் ரோட்டில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு ஆண்கள் எல்லாம் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ரோடு வெறிச்சோடிக் கிடந்தது. முன்பெல்லாம் அதைக் கடக்கப் பயப்படுவோமே, அதே ரோடு. ஒரு கார் வந்தது. ஓட்டியவர் எங்களைப் பார்த்தார். இத்தனை பேர் நடுரோட்டில் நிற்பதைப் பார்த்துப் பெட்ரோலைப் பிடுங்க வருகிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, ஒதுங்கிப் போய்விட்டார். ஆம்புலன்ஸ் வந்தபோது அவர்கள் செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

இதுதான் நடந்தது. என்மேல் தப்பில்லை என்று நான் சொல்லவில்லை. டாங்கில் இருந்ததை நான்தான் தீர்த்தேன். குழந்தை மறுபடி தெருவில் நடப்பதைப் பார்க்கும்போது சந்தோஷப்படுகிறேன், உடனே உள்ளே வந்து அத்தையின் கட்டிலைப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே நாளில் எத்தனை தடவை நடக்கிறது தெரியுமா? நாளைக்கே மூலை வீட்டுக்காரி அப்படி ஓடி வந்தால் வண்டியை எடுப்பாயா என்று கேளுங்கள். எடுப்பேன் என்றுதான் சொல்வேன்.

ஆனால் ஒன்று. செவ்வாய்க்கிழமை மொட்டையண்ணன் துக்கம் கேட்க வந்தார். பேச்சுவாக்கில் சொன்னார்: உங்கள் கூடத்திலிருந்து இரண்டு பேர் வெள்ளிதோறும் லாரியில் ஏறி வீட்டுக்குப் போய் வருகிறார்களாம். “பாய்லர் சோதனை வருஷத்துக்கு ஒருதடவைதாம்மா” என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

விலை ஏறியது நிஜம். நீங்கள் வராததற்கு அது மட்டும்தான் காரணமா?

நான்


மே 4, திங்கள்

குட்டியின் அம்மாவுக்கு,

உன் கடிதத்தைப் பல தடவை படித்தேன். குட்டி மடியில் என்பதை யாரும் என்னிடம் சொல்லவில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுத உட்கார்ந்து மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். மொட்டையண்ணன் சொன்னது சரிதான். முதலில் விலைதான் காரணம். ஸ்கூட்டர் விற்றுப்போன அந்த மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமை கூடத்தில் தனியாகப் படுத்திருந்தேன். மற்றவர்கள் போய்விட்டார்கள், பாய்லர் அணைந்திருந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. கூரை ஒழுகுகிறது, சாக்கடை அடைத்திருக்கிறது, அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை, உனக்கு அது பிடிக்கவில்லை, ஒன்றும் கிடையாது. மதியம் வரை தூங்கினேன். எழுந்தபோது எனக்கு நன்றாக இருந்தது. அப்படி இருந்தது எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் நன்றாக இருந்தது. அடுத்த தடவை வழி தேடவில்லை. பெட்ரோலைச் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். இங்கே எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். யார் எதற்குச் சொல்கிறார்கள் என்று இப்போது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

அதற்காக நீ செய்தது சரியென்று ஆகிவிடாது. அதை என்னால் விழுங்க முடியவில்லை. முயற்சி செய்து பார்த்தேன்.

வண்டியை விற்றுவிடு. என்ன விலைக்குக் கேட்டாலும் கொடுத்துவிடு. நான் வரும்போது அது வாசலில் நிற்கக்கூடாது. எப்போது வருவேன் என்று என்னைக் கேட்காதே. கொஞ்ச நாள் போகட்டும்.

குட்டியின் அப்பா


ஜூன் 13, சனி

குட்டியின் அப்பாவுக்கு,

வண்டியை யாரும் கேட்கவில்லை. இந்த நிலைமையில் யார் வாங்குவார்கள்? மெயின் ரோட்டிலிருந்து அதைத் திருப்பித் தள்ளிக்கொண்டு வந்தவர்கள் வாசலில் நிறுத்திவிட்டுப் போனார்கள், அப்படியே நிற்கிறது. பின்சீட்டைத் துடைக்கலாம் என்று இரண்டு தடவை துணியோடு போனேன். கதவைத் திறந்துவிட்டு மூடிவிட்டேன்.

நாங்கள் இருக்கிறோம். தெருப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்துதான் போகிறார்கள், காலையில் பெரியவர்கள் முறை வைத்துக் கூட்டிப் போகிறோம். என் முறையன்று மூலை வீட்டுக்காரியும் கூட வருகிறாள். வழியில் அதிகம் பேசுவதில்லை. என்னிடம் நன்றி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொன்னால் அத்தையைப் பற்றியும் பேச வேண்டிவரும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக்காரர் சாக்கடையைத் தோண்டித் தண்ணீரைத் தன் பக்கமே திருப்பிவிட்டார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. உங்களுக்கு அது ஒன்றும் ஈடாகாது, எனக்கும்தான்.

நேற்று நடந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். பள்ளிக்கூடம் விட்டு வந்த குட்டி பையை இறக்காமலே சொன்னாள்:

“அம்மா, மூடின கடைகிட்ட அப்பா மாதிரியே ஒருத்தர் நின்னாங்க.”

நான் அடுப்பு வேலையாக இருந்தேன். “அப்பாவா இருந்தா வீட்டுக்கு வந்திருப்பாரே” என்றேன்.

“ஆமால்ல” என்று சொல்லிவிட்டு விளையாடப் போனாள்.

அவ்வளவு சுலபமாக அவள் ஒத்துக்கொண்டதுதான் என்னைக் கொன்றுவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டுக் கடை வரை ஓடினேன். லாரி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தது. மொட்டையண்ணன் பக்கத்தில் ஒரு தலை தெரிந்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் லாரி நின்றிருக்கும், நீங்கள் இறங்கியிருப்பீர்கள், தெருவே பார்க்க என் பின்னால் வீட்டுக்கு வந்திருப்பீர்கள். அப்படி வருவது எனக்கு வேண்டாம்.

காலையில் வந்து இறங்கி, சாயந்திரம் வரை எங்கே இருந்தீர்கள்? கடைக்குப் பின்னாலா? சாப்பிட்டீர்களா? திட்டுவதற்குத்தான் உட்கார்ந்தேன், பேனா இதைக் கேட்கிறது.

நீங்கள் என்னை மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. நானும் உங்களை மன்னித்துவிட்டேன் என்று பொய் சொல்லப் போவதில்லை. அதற்கெல்லாம் எவ்வளவு காலம் ஆகுமோ, ஆகாமலே போகுமோ. ஆனால் அப்பாவைப் பார்த்துவிட்டு ‘அப்பா மாதிரி ஒருத்தர்’ என்று என் பெண் இன்னொரு தடவை சொல்லக்கூடாது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவளைப் பள்ளிக்கூடம் அனுப்பப் போவதில்லை. லாரி வரும் நேரத்துக்கு நாங்கள் வீட்டில்தான் இருப்போம். கடைக்கு வந்து நிற்க மாட்டோம், வாசலில் நின்று பார்க்கவும் மாட்டோம். கதவை வெறுமனே சாத்தி வைத்திருப்பேன். நான் எழுந்து வந்து திறக்க மாட்டேன். நீங்களே தள்ளிக்கொண்டு உள்ளே வாருங்கள்.

நான்